துளியின் கழுத்து

பிப்ரவரி 4, இரவு

அக்கா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் கடை முதலாளியிடம், உன்னோடு அறையில் தங்கியிருப்பவர்களிடம், யாரிடமும். படித்ததும் கிழித்துவிடு. கிழித்த துண்டுகளை ஒரே குப்பைத்தொட்டியில் போடாதே. இரண்டு வருடமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது வந்து கட்டளை போடுகிறாளே என்று நினைப்பாய். நினைத்துக்கொள். ஆனால் காட்டாதே. உனக்கு எழுதியது தெரிந்தால் அப்பா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததுதான் பயம்.

உன் முகவரியைத் தந்தது பெட்டிக்கார அத்தை. நம் பட்டறைக்கு அட்டைப்பெட்டி ஒட்டிக் கொண்டுவருவாளே, அவளேதான். உன் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கூடு செய்து அனுப்புகிறாளாம். பதில் எழுதினால் அவளுக்கு அனுப்பு. பெட்டிகள் கொண்டுவரும்போது ஒன்றின் அடியில் வைத்துத் தருவாள்.

விஷயம் இதுதான். நேற்று ஒரு அம்மா வந்தார். இந்தப் பகுதியில் இருக்கும் கண்ணாடிக் கலைஞர்கள் பன்னிரண்டு பேரைப் பற்றி ஒரு புத்தகம் தொகுக்கிறார். ஆளுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் படம், மறுபக்கம் எதைப் பார்த்து அதைச் செய்தார்கள் என்ற கதை. மற்றவர்களைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். ஒரு அம்மா தன் மகனின் நெஞ்சை எடுத்த எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, விலா எலும்பு மாதிரி கோடுகள் ஓடும் கண்ணாடித் தட்டுகள் செய்கிறாராம். இன்னொருவருக்குச் சாக்கடையில் மிதக்கும் எண்ணெய்.

"சாக்கடையா?" என்று அப்பா முகம் சுளித்தார்.

"ஆமாங்க. 'எல்லாரும் வானவில்லப் பாக்க அண்ணாந்து நிக்கிறாங்க, எனக்கு வாசல்லயே கெடக்குது'ன்னாரு."

பிறகு அப்பாவின் முறை. புதுக் குழந்தைகள் மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தின் கூரையில் தொங்கவிட இருநூற்றுப் பன்னிரண்டு கண்ணாடித் துளிகள் செய்கிறார். 'மழை' என்று பெயர். மார்ச் ஆறாம் தேதி திறப்பு விழா. அதுதான் புத்தகத்தில் வரப்போகிறது. அப்பா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "என் சம்சாரம் போன ராத்திரிங்க. வெளியில மழை. கூரை ஓரத்துல துளித்துளியா நிக்குது, விழ மாட்டேங்குது. அதுங்களும் எனக்காகத் தாங்கிக்கிட்டு நிக்கற மாதிரி இருந்துச்சு" என்றார். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நம் அம்மா இறந்த அன்று மழை இல்லை, அக்கா. மின்விசிறி ஓடவில்லை. அட்டையால் விசிறிக்கொண்டு இருந்தது நான்.

துளிகள் உன்னுடையவை. நீ வரைந்த தாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் நான் காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர் போனதும் அப்பா, "உன் கையெழுத்து நல்லாருக்கும். நான் சொன்னத ரெண்டு பக்கம் எழுதிக் குடு. படிக்கிறவன் அழுவணும்" என்றார்.

என்ன எழுதட்டும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது முக்கியமா என்று தெரியவில்லை. போன வாரம் அலமாரியில் வைத்திருந்த துளி ஒன்று தானாகவே உடைந்தது. யாரும் தொடவில்லை. எலி தள்ளியிருக்கும் என்றார் அப்பா. ஆனால் அது கீழே விழவே இல்லை. வைத்த இடத்திலேயே இரண்டாகக் கிடந்தது.

சின்னவள்


பிப்ரவரி 9

மண்டு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு கடிதம் வந்தால் அதைக் கிழிக்க நான் என்ன பைத்தியமா? என் தலையணை உறைக்குள் இருக்கிறது. என்னோடு தங்கியிருப்பவள் படுத்தால் பிணம் மாதிரி தூங்குவாள். பயப்படாதே.

நான் நன்றாக இருக்கிறேன். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். லென்ஸ் அரைக்கிற வேலை. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு ஊருக்கே கண்ணாடி மாட்டுகிறேன். முதலாளி இதைச் சொல்லியே வருகிறவர்களைச் சிரிக்க வைக்கிறார். நானும் சிரிப்பேன். சம்பளத்தில் அதுவும் சேர்த்தி.

துளிகளின் கதையை அவர் எடுத்துக்கொள்ளட்டும். நீ அழுகிற மாதிரியே எழுதிக் கொடு. உனக்கு மட்டும் உண்மை தெரிந்தால் போதும். அம்மாவைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போகும் காலை பஸ். ஜன்னல் கண்ணாடியில் எங்கள் மூச்சு பட்டு நீர் பூத்திருந்தது. அம்மா விரலால் காட்டினாள். "பாரு, ஒண்ணு தனியா இருந்தா நின்ன எடத்துலயே நிக்குது. இன்னொண்ணு வந்து ஒட்டுனாத்தான் எறங்குது." அதனால்தான் நான் துளிகளை இரண்டிரண்டாக வரைந்தேன். அவர் இரண்டிரண்டாகத் தொங்கவிடுகிறாரா? விட மாட்டார். ஏன் அப்படி என்று அவருக்குத் தெரியாதே.

அது போகட்டும். எலிக் கதைக்கு வா. முக்கியமா என்று கேட்கிறாயே, அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

எனக்கு மூன்று பதில் வேண்டும். உடைந்தது எங்கே, வயிற்றிலா கழுத்திலா? தொங்கவிடும் கொக்கி எப்படி இருக்கிறது? நான் வரைந்ததில் கழுத்தைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும், கம்பியை வெளியிலிருந்து அதில் கட்ட வேண்டும். அப்படித்தான் செய்கிறாரா, இல்லை கொக்கியைச் சூட்டோடு கண்ணாடிக்குள்ளேயே புதைக்கிறாரா? ஆறவைக்கும் சூளையை எத்தனை நாள் கழித்துத் திறக்கிறார்?

பட்டறை அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய காலண்டருக்குள் என்னுடைய இரண்டு கறுப்பு ஏடுகள், வெளிச்சத்தை வடிகட்டும் பிளாஸ்டிக் தாள்கள், இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து மேலுள்ளதைத் திருப்பு. ஓர் இடத்தில் இரண்டும் சேர்ந்து இருட்டாகிவிடும். பின்னால் விளக்கை வைத்து, நடுவில் துளியைப் பிடித்துப் பார். நல்ல கண்ணாடி இருட்டாகவே இருக்கும். அவசரமாக ஆறி உள்ளே இறுக்கம் நின்றிருந்தால் அந்த இடம் வெளிச்சம் காட்டும். அது எப்போது வேண்டுமானாலும் தானாக உடையும். நன்றாக ஆறிய துளியைப் பார். சூடு இருந்தால் ஏடு பொய் சொல்லும்.

அவர் இல்லாதபோது பார்.

அக்கா


பிப்ரவரி 13, இரவு

அக்கா,

பார்த்தேன்.

அப்பா கூடத்தை அளக்க மருத்துவமனைக்குப் போயிருந்தார். முப்பத்தொரு துளிகளைப் பார்த்தேன். எல்லாவற்றின் வயிற்றிலும் கொஞ்சம் சாம்பல் நிறம். கழுத்தில் மட்டும், கொக்கியைச் சுற்றி, நான்கு இதழ் விரிந்த வெள்ளைப் பூ. சிலவற்றில் இதழின் ஓரம் மஞ்சளும் நீலமுமாக இருந்தது. அழகாக இருந்தது, அக்கா. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் மூன்று கேள்விக்கும் பதில். கழுத்தில்தான் உடைந்தது. கொக்கி உள்ளே புதைந்துதான் இருக்கிறது. வெளியில் கம்பி கட்டினால் அசிங்கமாகத் தெரிகிறதாம், "மழைக்கு யாராவது கயிறு கட்டுவாங்களா?" என்கிறார். சூளையை இரண்டு நாள் மூடி வைக்க வேண்டியதை மறுநாள் காலையிலேயே திறக்கிறார். தேதி நெருங்குகிறது, சூளை ஒன்றுதான் இருக்கிறது.

நான் ஏட்டை எடுத்து வைப்பதற்குள் அவர் வந்துவிட்டார்.

"என்ன கையில?"

"அக்காவோட ஏடுப்பா."

"எதுக்கு?"

"சும்மா. கழுத்துல வெளிச்சம் வருதுப்பா."

"வெளிச்சம் வரத்தானே கண்ணாடி செய்யறோம்!" என்று சிரித்தார். அவருக்கு அன்று நல்ல மனநிலை. ஒரு துளியை எடுத்து நகத்தால் சுண்டி என் காதருகே பிடித்தார். "கேளு. மணி மாதிரி பேசுதா? உள்ள கோளாறு இருந்தா குரல் கம்மும். முப்பது வருஷமா இந்தக் காதுதான் எனக்குச் சோறு போடுது."

நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். "இறுக்கம் காதுக்குக் கேக்காதுன்னு அக்கா சொல்லுவா" என்றேன்.

அவர் முகம் எப்படி மாறும் என்று உனக்குத் தெரியும். கத்தவில்லை. ஏடு இரண்டையும் என் கையிலிருந்து வாங்கி, உலைக் கதவைத் திறந்து உள்ளே போட்டார். பளிச்சென்று ஒரு நொடி, அவ்வளவுதான். "அவ சொன்னதையெல்லாம் அவ கண்ணோடவே மூடியாச்சு. இனி இந்த வீட்டுல அவ சொன்னான்னு ஒரு பேச்சு வரக்கூடாது" என்றார்.

மாலையில் அவரே என்னைக் கூப்பிட்டு, என் மணிக்கட்டில் இருந்த பழைய சூட்டுக்காயத்துக்கு மருந்து போட்டார். ஊதி ஊதிப் போட்டார். எனக்கு அதுதான் அதிகப் பயம்.

அந்தக் கூடத்தின் வரைபடம் மேஜையில் இருக்கிறது. துளிகளுக்கு நேர் கீழே நாற்பது பெஞ்சுகள் வரைந்திருக்கிறார்கள். பெஞ்சில் யார் உட்காருவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு துளியும் என் முஷ்டி அளவு. கூரை இரண்டு மாடி உயரம்.

நான் என்ன செய்ய? எனக்குப் பதினாலு வயது. நீயே சொல்.

சின்னவள்


பிப்ரவரி 18

மண்டு,

உட்கார்ந்து படி.

என் கண் எப்படிப் போனது என்று உனக்குச் சொன்னது பொய். கண்ணாடிக் கிண்ணத்தைக் கை தவறிக் கீழே போட்டேன், சில்லு தெறித்தது, கண்ணுக்குக் கவசம் மாட்டாதது என் தப்பு. இதைத்தானே சொன்னேன்? டாக்டரிடமும் இதைத்தான் சொன்னேன். உனக்கு அப்போது பதினோரு வயது, மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து, "ஏன்க்கா பாத்துப் புடிக்கல?" என்று என்னைத் திட்டினாய். நான் தலையை ஆட்டினேன்.

நான் எதையும் கீழே போடவில்லை. அன்று ஒரு பெரிய கிண்ணத்தைச் சூளையிலிருந்து சீக்கிரம் எடுத்துவிட்டார். வாங்க வந்தவர் வாசலில் நிற்கிறார். ஏட்டில் பார்த்துவிட்டு, "இது இறுகிக் கெடக்குப்பா, கொடுக்காதீங்க" என்றேன். "வெளிச்சத்துல தூக்கிக் காட்டு, அவரே பாத்துக்கட்டும்" என்றார். தூக்கினேன். என் முகத்துக்கு நேராக, என் இரண்டு கைக்குள்ளேயே அது வெடித்தது. ஒரு சின்னச் சத்தம், விரல் சொடுக்குகிற மாதிரி.

வண்டியில் போகும்போது அவர் அழுதார். உண்மையாகவே அழுதார். அழுதுகொண்டே, "கை தவறிடுச்சுன்னு சொல்லும்மா. தானா வெடிச்சுதுன்னு தெரிஞ்சா ஒருத்தன் நம்மகிட்ட வாங்க மாட்டான்" என்றார். சரி என்றேன். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அதற்காகவே சரி என்றேன். ஒரு கண்ணைக் கொடுத்தவளுக்கு ஒரு பொய் பெரிதா?

பெரிதுதான். நான் அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் இன்று அவரிடம் யாரும் இந்த வேலையைக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து எனக்குப் புத்தி வந்து, "இனிமே ரெண்டு நாள் ஆறவைக்காம எதையும் வெளியில விடாதீங்க, விட்டா ஊருக்கெல்லாம் சொல்லுவேன்" என்றேன். "கண்ணத் தொலைச்சவ வாயத் தொறக்காத" என்று பெட்டியைத் தெருவில் வைத்தார். நான் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. போனதில் பாதி ரோஷம், மீதி வெட்கம்.

இப்போது கேள். அவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. நான் மருத்துவமனைக் கட்டட அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். பெயர் போட்டு, என் கண்ணைப் பற்றியும் சேர்த்து. அவர்கள் நிறுத்துவார்கள். படித்தவர்கள், குழந்தைகளுக்காகக் கட்டுகிறார்கள், நிறுத்தாமல் இருப்பார்களா?

நீ பள்ளிக்கூடம் போ. பாடத்தைப் படி.

அக்கா


பிப்ரவரி 23, இரவு

அக்கா,

உன் கடிதம் வந்துவிட்டது. மருத்துவமனைக்கு நீ எழுதிய கடிதம். எங்கே வந்தது தெரியுமா? எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு.

அவர்கள் அதை அப்பாவுக்கே அனுப்பிவிட்டார்கள். மேலே ஒரு குறிப்பு: 'இது தங்கள் கவனத்துக்கு. தயவுசெய்து விளக்கம் தரவும்.' அப்பா சாப்பிட்டுக்கொண்டே எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. கிண்ணம் வெடித்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். படித்து முடித்து, "ஒத்தக் கண்ணுக்காரி, அந்த ஒத்தக் கண்ணையும் நம்ம மேலயே வெச்சுட்டா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "கொக்கி உள்ள பொதஞ்சிருக்கறது நூறு கல்லுக்கு அந்தாண்ட இருக்கறவளுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுப்பா" என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் இல்லை. துளிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்குவதற்கு ஆள் வேண்டுமாம். உண்மை அது இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நீ ஏன் என்னைக் கேட்காமல் எழுதினாய்? அவசரமாக ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாய். இங்கே அவரோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது நான். கோபமாக எழுதுகிறேன், மன்னித்துக்கொள். இல்லை, மன்னிக்க வேண்டாம். அடுத்ததைப் படித்தால் நீதான் கோபப்படுவாய்.

மருத்துவமனைக்காரர்கள் விளக்கத்தோடு ஒரு சோதனைத் தாளும் கேட்டார்கள். செய்தவர் அல்லாத இன்னொருவர் ஒவ்வொரு துளியையும் பார்த்து எழுதித் தர வேண்டுமாம். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'இருநூற்றுப் பன்னிரண்டு துளிகளும் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. எதிலும் இறுக்கம் காணப்படவில்லை. சோதித்தவர்.' அதன் பக்கத்தில் ஒரு கோடு.

"போடு" என்றார்.

"நான் சின்னப் பொண்ணுப்பா."

"தாள்ல வயசு தெரியாது. நீதானே ஏட்டை வெச்சுப் பாத்த? பொய்யா?"

நான் பேனாவை வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "இந்தப் பேரு ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. உங்க அம்மா போயிட்டா, அவளும் போயிட்டா. புஸ்தகத்துல ரெண்டு பக்கம். அதுக்கப்புறம் நான் செத்தாலும் பரவாயில்ல. போடும்மா" என்றார்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன், அக்கா.

சின்னவள்


பிப்ரவரி 28

என் தங்கமே,

கோபம் இல்லை. இருந்தால்கூடக் கோபப்பட எனக்கு அருகதை இல்லை. 'சரி' என்று முதலில் சொன்னவள் நான். நீ அந்தக் கோட்டில் எழுதும்போது உன் கையைப் பிடித்திருந்தது அவர் மட்டும் இல்லை.

உன்னைக் கேட்காமல் எழுதியது என் தப்பு. காகிதம் போய்ச் சேர்ந்தால் நியாயமும் போய்ச் சேரும் என்று நினைத்துவிட்டேன். அங்கே ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குத் தள்ளிவிட்டார்கள்.

காகிதம் போதும். நானே வருகிறேன். முன்பே வரப் பார்த்தேன், ஐந்தாம் தேதி வரை முதலாளி விட மறுக்கிறார். மீறிப் போனால் திரும்பி வர வேலை இருக்காது. ஐந்தாம் தேதி இரவு பஸ் ஏறினால் ஆறாம் தேதி விடியும்போது அங்கே இருப்பேன். விழா பத்து மணிக்குத்தானே? அதற்கு முன்னால் மருத்துவமனைக் கட்டடப் பொறியாளரின் எதிரில் போய் நின்று என் கண்ணைக் காட்டுவேன். தாளைத் தள்ளிவிடலாம், முகத்தைத் தள்ள முடியாது.

அதுவரை நீ எதுவும் செய்யாதே. யாரிடமும் பேசாதே. மிச்சம் வைத்திருக்கும் துளிகளில் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வை, அது போதும். விழாவுக்கு முன்னால் அந்தக் கூடத்தில் யாரும் உட்காரப்போவதில்லை. நமக்கு நேரம் இருக்கிறது.

ஏடு புதிதாக இரண்டு வாங்கிவிட்டேன்.

அக்கா


மார்ச் 5, இரவு

அக்கா,

நீ இப்போது பஸ்ஸில் இருப்பாய். இது தபாலில் வராது, காலையில் உன் கையில் தருவேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. உன்னைப் பார்த்தால் முதலில் அழுவேன், பிறகு பாதியை மறைப்பேன். அதனால் எழுதிவைக்கிறேன்.

துளிகளைப் போன திங்கட்கிழமையே தொங்கவிட்டார்கள். என்னையும் கூட்டிப்போனார். கூடம் வெள்ளையாக, பெரிதாக இருக்கிறது. பெஞ்சுகளுக்கு மஞ்சள் வண்ணம் அடித்திருக்கிறார்கள். சாரத்தில் நின்று ஒவ்வொன்றாக மாட்டினார்கள். நீ சொன்னது சரிதான், எல்லாம் ஒற்றை ஒற்றையாகத்தான் தொங்குகிறது. முடிந்ததும் விளக்கைப் போட்டார்கள். தரை துடைக்கிற அம்மா ஒருத்தி அண்ணாந்து பார்த்து, "ஐயோ, இதுக்குக் கீழ வேலை செய்ய எனக்கொரு கொடை குடுங்கப்பா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. உண்மையைச் சொல்கிறேன், மழை நின்றுபோய்க் காத்திருக்கிற மாதிரியே இருந்தது.

பொறியாளர் ஒரு பெண். கையில் அந்தத் தாள் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் புருவம் உயர்ந்தது.

"இந்தப் பொண்ணா சோதிச்சுது? நான் யாரோ பெரியவங்கன்னு நெனச்சேன்."

"நடக்கப் பழகறதுக்கு முன்னாடியே கண்ணாடி பாக்கப் பழகுனவ" என்றார் அப்பா. அவர் கை என் தோளில் இருந்தது. அழுத்தவில்லை. சும்மா இருந்தது.

பொறியாளர் குனிந்து என் முகத்துக்கு நேரே வந்தார். "நெஜமாவே நீ ஒவ்வொண்ணாப் பாத்தியாம்மா? பயப்படாமச் சொல்லு."

இதைவிட நல்லபடியாக யாரும் கேட்க முடியாது, அக்கா. பயப்படாமல் சொல்லச் சொன்னார். நான் நீ எழுதியதை நினைத்துக்கொண்டேன். யாரிடமும் பேசாதே, நேரம் இருக்கிறது. அது எனக்கு வசதியாக இருந்தது. "பாத்தேங்க" என்றேன்.

இன்று மதியம் நடந்தது வேறு. மிச்சத் துளிகள் பதினெட்டு அலமாரியில் இருந்தன. அப்பா விழாவுக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். விரல் சொடுக்குகிற மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. நீ எழுதியிருந்தாயே, அதே சத்தம். நான் போய்ப் பார்ப்பதற்குள் அவர் போய்விட்டார். இரண்டு துளிகள் கழுத்து அறுந்து கிடந்தன. அவரே துடைப்பத்தை எடுத்தார், அவரே பெருக்கினார். எலி என்று சொல்லவில்லை.

பெருக்கி முடித்து, துடைப்பத்தைப் பிடித்தபடியே, "நாளைக்கு ஒரு நாள் தாங்கிட்டாப் போதும். விழா முடியட்டும். பராமரிப்புன்னு சொல்லி ஒவ்வொண்ணா எறக்கிடலாம். வெளியில கம்பி கட்டியே மாட்டிடலாம்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. நான் அங்கே நின்றதை அவர் பார்த்தாரா என்றும் தெரியவில்லை.

அவருக்குத் தெரியும், அக்கா. இன்று மதியத்திலிருந்து நம் மூன்று பேருக்கும் தெரியும்.

அதன் பிறகு நான் ஓடியிருக்க வேண்டும். மருத்துவமனை இங்கிருந்து இருபது நிமிட நடை. செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். வாசலில் நின்று, அக்கா வரட்டும், அவள் வந்தால் தைரியமாக இருக்கும் என்று நினைத்தேன். திரும்பி வந்து செருப்பைக் கழற்றினேன். பொறியாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'நான் பார்த்தது முப்பத்தொன்று. எல்லாவற்றிலும் இறுக்கம் இருந்தது. மற்றதைப் பார்க்கவே இல்லை. கையெழுத்துப் போட்டது பொய்.' நான்கே வரி. அதற்கு எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது. காலையில் நீயும் நானுமாகப் போய்க் கொடுக்கலாம்.

யாரோ தட்டுகிறார்கள். என் கதவு இல்லை, வாசல் கதவு. நீ இத்தனை சீக்கிரம் வர முடியாது. விளக்கை அணைக்கப் போனேன், அணைத்தால் எழுத முடியாது. அப்பா எழுந்து போகிறார்.

ஆண் குரல். மருத்துவமனைக் காவல்காரர்.

"ஐயா, ஒரு சட்டையப் போட்டுக்கிட்டு வாங்க. கூடத்துல ஒரு பக்கம் நாலஞ்சு அறுந்து விழுந்துடுச்சு."

அப்பா வாசல் விளக்கைப் போடுகிறார்.

"விழாவுக்குத் தரை கழுவிட்டு இருந்தாங்கய்யா. ஒரு அம்மாவ உள்ள தூக்கிட்டுப் போயிருக்காங்க. தலையில. இன்னும் கண்ணு முழிக்கல." பிறகு மெதுவாக, "பொறியாளரம்மா அந்தத் தாளக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறாங்க. கையெழுத்துப் போட்ட பொண்ணையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

அந்த அம்மாவா, அக்கா? குடை கேட்டவளா? அங்கே இரவில் தரை கழுவுவார்கள் என்று நாம் இருவரும் நினைக்கவே இல்லையே. பெஞ்சுகளை மட்டும்தானே எண்ணினோம்.

அப்பா வாசலிலேயே நிற்கிறார். இப்போது இங்கே வருகிறார். கால் இழுபடுகிறது.

"சின்னது."

நான்கு வரிக் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"சின்னது, தூங்கலன்னு தெரியும். வெளிச்சம் தெரியுது. நான் சொல்றதக் கேளு. உன்னக் கேட்டா, பாக்கறப்ப எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, மாட்டுனவங்கதான் எங்கயோ இடிச்சுட்டாங்கன்னு"

கதவைத் தட்டுகிறார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், அக்கா, நீ வந்து சேர்வதற்குள் நான்